ரேஞ்சியா மட்டி: பார்த்தவர்கள் அடையாளக் குறிப்போடு எழுதுங்கள்

வட ஐரோப்பாவின் துறைமுகக் கால்வாயிலோ பால்டிக் காயலிலோ கனத்த ஓடுள்ள பழுப்பு மட்டி சிக்கினால் ரேஞ்சியா குனியாட்டாவாக இருக்கலாம். மேக்ட்ரிடே குடும்பம், பூர்வீகம் மெக்சிகோ வளைகுடா. 2005-இல் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் குளிர்விப்பு நீர்க் குழாய்களுக்குள் கிடைத்தது. 2010-இல் பால்டிக் கரையின் விஸ்துலா காயல், 2015-இல் இங்கிலாந்தின் லிங்கன்ஷயர். கப்பல்கள் சமநிலைக்காக ஏற்றும் பேலஸ்ட் தண்ணீரில் லார்வாவாக வந்திருக்கும் என்பதே பெரும்பாலோர் கருத்து.

வெளித்தோற்றத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். ஓட்டின் மேல் பழுப்புத் தோல், கீலுக்கு மேலே புடைத்து, தேய்ந்து வெளுத்த உச்சி, உள்ளேயும் முன்னேயும் வளைந்த அதன் நுனி (மூக்கு) எல்லாம் நல்ல அறிகுறிகள்தாம். ஆனால் உச்சி தேய்வது வேறு பல மட்டிகளுக்கும் உண்டு. ஓட்டைத் திறந்து, இரண்டு ஓடும் இணையும் கீலைப் பார்த்தால்தான் உறுதி.

திறக்கும்போது மெல்லிய கத்தியை ஓட்டின் உட்சுவரை ஒட்டி நுழைத்து, முன்னும் பின்னும் உள்ள இரண்டு மூடுதசைகளையும் அறுங்கள். நெம்பித் திருப்பினால் கீல் பல் உடையும். பார்க்க வேண்டியதே அந்தப் பல்தான்.

உச்சிக்கு நேர் கீழே ஒரு குழி இருக்கும். அதில் கரும்பழுப்பு நிறத்தில் ரப்பர் மாதிரித் தசைநார் உட்கார்ந்திருக்கும். அடுத்து, பின்பக்கப் பக்கப்பல் (கீலின் ஓரமாக ஓடும் பல்) மிக நீளம்; லென்ஸில் அதன் மேல் நுண்ணிய குறுக்கு வரிகள் தெரியும். கடைசியாக, ஓட்டின் உள்ளே மேன்டில் (சதையை மூடிய மெல்லிய போர்வை) ஒட்டியிருந்த கோட்டைத் தொடர்ந்து போனால் பின்பக்கம் சிறிதாக, ஆனால் தெளிவாக, உள்வாங்கியிருக்கும். இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் சந்தேகத்துக்கு இடம் மிகக் குறைவு.

———

மேலே சொன்ன பல்வரியை மட்டும் தனியாக நம்ப வேண்டாம். நன்னீர் மட்டியான கோர்பிக்குலா ஃபுளூமினியாவுக்கும் வரியுள்ள பக்கப்பல் உண்டு. நன்னீர்ப் பக்கம் தேடுகிறவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். கோர்பிக்குலாவின் தசைநார் வெளியே இருக்கும், உச்சிக்குக் கீழே குழி கிடையாது, மேன்டில் கோடு எங்கும் உள்வாங்காது. வெளியே வரம்பு வரம்பாக மேடுகள் எழுந்திருக்கும். ரேஞ்சியாவில் மெல்லிய வளர்ச்சிக் கோடுகள்தாம்.

குழப்பக்கூடிய மட்டிகள் இன்னும் இரண்டு. மையா அரினேரியாவின் இடது ஓட்டில் கீலிலிருந்து கரண்டி மாதிரி ஒரு தட்டு நீட்டிக்கொண்டிருக்கும். லிமெக்கோலா பால்திகா மெல்லியது, பெரும்பாலும் இளஞ்சிவப்பு அல்லது மஞ்சள். கோர்பிக்குலாவைப் போல அதற்கும் தசைநார் வெளியேதான். இரண்டிலும் மேன்டில் கோடு ஆழமாக உள்வாங்கும்.

———

வெற்று ஓட்டை மட்டும் வைத்து "இங்கே பரவிவிட்டது" என்று பதிவு செய்யாதீர்கள். அமெரிக்காவின் லூசியானாவில் பான்சர்ட்ரெயின் ஏரியிலிருந்து இந்த ஓட்டைத் தோண்டி எடுத்துச் சாலை போடவே பயன்படுத்தினார்கள், 1990 வரை. ஓடு எங்கும் போய்ச் சேரும். உயிருள்ளதா, சதையோடு இறந்ததா, வெற்று ஓடா என்பதைக் குறிப்பில் கட்டாயம் எழுதுங்கள். கடுங்குளிருக்குப் பிறகு பால்டிக் பக்கம் கூட்டமாகச் சாகும். அப்போது இரண்டு ஓடும் பிரியாமல், உள்ளே பளபளப்போடு கிடந்தால் அது அங்கேயே வாழ்ந்தது என்று கொள்ளலாம்.

உப்பளவையும் அதே இடத்தில், அடிமட்டத் தண்ணீரில் அளந்து எழுதுங்கள். வளர்ந்த மட்டி நன்னீரிலும் தாக்குப்பிடிக்கும். ஆனால் முட்டையும் இளம் லார்வாவும் பிழைக்க ஆயிரத்துக்கு 2 முதல் 10 பங்கு வரை உப்பு வேண்டும். பெரிய மட்டிகள் மட்டுமே கிடைக்கும் இடத்தில் அவை இனப்பெருக்கம் செய்கின்றனவா என்று கணிக்க இந்த ஓர் எண் பெரிய உதவி.

குஞ்சுகளைத் தேடுவதானால் சல்லடைக் கண் 1 மி.மீ.க்கு மேல் வேண்டாம். 5 மி.மீ.க்குக் குறைந்தவற்றைக் கண்ணால் பார்த்துப் பெயர் வைக்க வேண்டாம். நுண்ணோக்கியில் கீலைப் பாருங்கள், அல்லது டிஎன்ஏ சோதனைக்கு அனுப்புங்கள். அதற்கு 96% எத்தனாலில் போடுங்கள். ஃபார்மலினில் போட்டால் டிஎன்ஏ கெட்டுவிடும். எத்தனால் சதைக்குள் இறங்க ஓடு சற்றுத் திறந்திருக்க வேண்டும். மூடிய மட்டியை அப்படியே போட்டால் உள்ளே அழுகும்.

———

கடற்கரைப் பக்கம் தேடுகிறவர்களுக்கு: அதே குடும்பத்தில் மியூலினியா லேட்டராலிஸ் என்ற குட்டி மட்டியும் நெதர்லாந்துக் கடலோரத்தில் பதிவாகியிருக்கிறது. சுமார் 2 செ.மீ.தான் வளரும், வெண்மஞ்சள் நிறம், முக்கோண வடிவம், பின்பக்கம் உச்சியிலிருந்து இறங்கும் ஒரு விளிம்பு. அதே குடும்பத்து இன்னொரு மட்டியான ஸ்பிசுலா சப்ட்ரன்கேட்டாவின் குஞ்சு என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஸ்பிசுலாவின் பக்கப்பல்லில் வரிகள் இருக்கும், மியூலினியாவில் வழவழப்பு. பழைய மாதிரிக் குப்பிகளில் "ஸ்பிசுலா, இளசு" என்று எழுதி வைத்தவற்றை ஒருமுறை எடுத்து லென்ஸில் பாருங்கள்.