வியாசர்பாடி வீடு: மூலப் பத்திரம் இல்லாமல் கடன் கிடைக்குமா?

வியாசர்பாடியில் ஒரு பழைய அடுக்குமாடியில் முதல் மாடி வீடு பேசி முடித்திருக்கிறோம். 430 சதுர அடி, 24 லட்சம். பெருமழைக்குக் கணேசபுரம் சுரங்கப்பாதை மூழ்கும், தெரியும். எங்கள் பட்ஜெட்டுக்குச் சென்னைக்குள் இதுதான்.

சிக்கல் என்னவென்றால், 1989ஆம் ஆண்டு மூலப் பத்திரம் 2015 வெள்ளத்தில் போய்விட்டது. 1975 முதல் வில்லங்கம் போட்டுப் பார்த்தாச்சு, சுத்தம். சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகலும் எடுத்தோம். விற்பவர் போலீசில் புகார் கொடுத்து, பேப்பரில் விளம்பரமும் போட்டுவிட்டார். ஆனால் கையில் இருப்பது சிஎஸ்ஆர் ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்குப் போலீஸ் தரும் ரசீது) மட்டும். ‘கண்டுபிடிக்க முடியவில்லை’ என்ற சான்றிதழ் இன்னும் வரவில்லை. அது இல்லாமல் முடியாது என்று இரண்டு வங்கிகள் கைவிரித்துவிட்டன. அட்வான்ஸ் ஒப்பந்தமோ தை மாதத்தோடு முடிகிறது.

நகல், சிஎஸ்ஆர், விளம்பரம் இவற்றை மட்டும் காட்டி யாருக்காவது வீட்டுக்கடன் கிடைத்திருக்கிறதா?