தலங்கம, பெத்தகான, தியசரு: மூன்றையும் ஒரே நாளில் பார்க்க ஏலுமா?

கேள்வி – வெள்ளவத்தைவாசி
டிசம்பர் லீவில் பிள்ளைகள் ரெண்டு பேரையும் (9, 12 வயது) பறவை பார்க்கக் கூட்டிப்போக யோசனை. ஒரு நாள்தான் இருக்கு. கொழும்புக்குப் பக்கத்துச் சதுப்புநிலங்களான இந்த மூன்று இடமும் சரிவருமா? கையில 10x50 பைனாகுலர் (10 மடங்கு பெருக்கம், 50 மி.மீ. முன்வில்லை) இருக்கு. மீன்பிடிப் பூனை தென்படுமா?

மடையான்
மூன்று வேண்டாம். ஒன்பது மணிக்குப் பிறகு வெயில் ஏறினால் பறவைகள் புல்லுக்குள்ள போயிடும், மிச்ச நேரம் த்ரீவீலுக்குள்ளதான் கழியும். தலங்கம குளத்தை முதல்ல வையுங்க. கேற்றும் இல்லை, டிக்கட்டும் இல்லை, விடியும்போதே அணைக்கட்டில நிற்கலாம். டிசம்பரில் சூரியன் 6.15 போலத்தான் வரும், 6 மணிக்கே அங்க இருங்க. கொள்ளுப்பிட்டியில 177 பஸ் ஏறி கொஸ்வத்தையில இறங்கினா அங்கிருந்து த்ரீவீல். அவ்வளவு வெள்ளன என்றா வீட்டிலிருந்தே த்ரீவீல் பிடிக்கிறது நல்லம்.

நடந்துகொண்டே பார்க்காதீங்க. தாமரை இலை அடர்ந்த இடமாப் பார்த்து, வெயில் முதுகுப்பக்கம் இருக்க, கால் மணித்தியாலம் அசையாம நில்லுங்க. நீளவால் இலைக்கோழியை ஆக்கள் தவறவிடுறதுக்குக் காரணம், படத்தில பார்த்த நீள வாலைத் தேடுறதுதான். இந்தக் காலத்தில அந்த வால் உதிர்ந்திருக்கும். வெள்ளை வயிறு, நெஞ்சுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டி, இலைமேல் நடக்கிற நீள விரல்: இவ்வளவும் போதும்.

பிறகு பெத்தகான. பலகைப் பாதை இருக்கிறதால பிள்ளைகளுக்கு லேசு. போயா நாளை (பௌர்ணமி விடுமுறை) தவிருங்க, சத்தம் தாங்காது.

உண்ணிக்கொக்கு
பிள்ளைகளுக்கு வெள்ளைக் கொக்குகளிலேயே நல்ல விளையாட்டு இருக்கு. கறுப்பு அலகு, கறுப்புக் கால், ஆனா பாதம் மட்டும் மஞ்சள் என்றா அது சின்னக் கொக்கு. சேற்றுக்குள்ள நிற்கும்போது பாதம் தெரியாது, காலைத் தூக்கும்வரை பொறுக்கணும். பெரிய கொக்கையும் நடுத்தரக் கொக்கையும் உயரத்தை வைத்துப் பிரிக்கப் போனா ஏமாறுவீங்க. வாய்க்கோட்டை (அலகு பிளக்கிற இடத்திலிருந்து கண்பக்கம் போற கோடு) பாருங்க: கண்ணைத் தாண்டிப் பின்னால போனா பெரியது, கண்ணுக்குக் கீழேயே முடிஞ்சா நடுத்தரம். குட்டைக் கழுத்தும் மஞ்சள் அலகுமா மாட்டோட திரியிறது உண்ணிக்கொக்கு. (என் பெயரை வைத்துச் சிரிக்காதீங்க.)

கருங்குருகு
10x50 பிள்ளைகளின் கைக்குப் பாரம், படம் ஆடும். 8x42 இரவல் கிடைச்சா வாங்குங்க. இல்லையென்றா முழங்கையை வேலியில ஊன்றிப் பார்க்கச் சொல்லுங்க. முதல்ல வலக்கண்ணை மூடி நடுச்சக்கரத்தால தூரத்து மரமொன்றைத் தெளிவாக்குங்க. பிறகு இடக்கண்ணை மூடி, வலது கண்வில்லையின் வளையத்தை மட்டும் திருப்பி அதே மரத்தைத் தெளிவாக்குங்க. இதைச் செய்யாததாலதான் பலருக்குத் தலை இடிக்குது. ஏசி வாகனத்தில வந்து உடனே எடுத்தா வில்லையில பனி படியும். துடைக்க வேண்டாம், பையிலேயே வைத்து 20 நிமிடம் விடுங்க.

மீன்பிடிப் பூனை இரவு விலங்கு, பகல்ல எதிர்பார்க்காதீங்க. கபரக்கொய்யன் (நீர் உடும்பு) கட்டாயம் கிடைக்கும். தண்ணீர் விளிம்புக்கு இறங்க விடாதீங்க, இந்தச் சதுப்புகளில் முதலையும் உண்டு. நுளம்பு மருந்தைக் காலையிலேயே பூசுங்க, டெங்கு நுளம்பு கடிக்கிறது பகல்ல.

வெள்ளவத்தைவாசி
ஓம், ரெண்டு இடம்தான். ஆறுமணிக்குருவி (பிட்டா) தென்படுமா?

மடையான்
வலசை வந்திருக்கும். குளத்தில தேடாதீங்க, மர நிழல்ல சருகு கிடக்கிற நிலத்தில பாருங்க. விடியிற நேரம் இரட்டை விசில் கேட்டா அப்படியே நில்லுங்க. இருட்டு முழுசா விலகினா குரலும் நின்றிடும்.