புதுப்பிப்பு: அம்மாவின் ஈறு, 2 மாதம் கழித்து

அம்மாவுக்குப் பல் தேய்த்தாலே ஈறிலிருந்து ரத்தம் வருகிறது என்று எழுதியிருந்தேன். பேஸ்ட்டை மாற்றச் சொன்னவர்கள்தான் அதிகம்.

டாக்டர் மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் விட்டு, அந்த இடைவெளியின் ஆழத்தை அளந்தார். 3 மி.மீ. வரை இருக்கலாமாம், அம்மாவுக்கு 6. மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்கு அடியில் வேர்வரை ஒட்டியிருந்த காரையைச் சுரண்டி எடுத்தார்கள்.

நேற்று மறுபடி அளந்தால் 4. ரத்தம் நின்றுவிட்டது! ஒரு கடைவாய்ப்பல்லில் மட்டும் இன்னும் 6. அங்கே ஈறைத் திறந்து சுத்தம் செய்யும் ஃபிளாப் சிகிச்சை வேண்டுமாம். ஈறு நோயால் கரைந்த, பல்லைத் தாங்கும் எலும்பு தானாக வளராது என்றதும் அம்மா முகம் வாடிவிட்டது.

வீட்டில் சர்க்கரை உள்ளவர்கள் இருந்தால் தயவுசெய்து ஈறையும் காட்டுங்கள். சர்க்கரை ஏறினால் ஈறு கெடும். ஈறு கெட்டால் சர்க்கரையும் எளிதில் அடங்காது. அம்மாவுக்கு இனி 3 மாதத்துக்கு ஒருமுறை சுத்தம்.