ஸ்வீடனை ஆண்ட 'கார்ல்' ராஜாக்கள் 16 பேரா, 10 பேரா?

பனிக்கரடி: பக்கத்து இழையில ஒரு மேதாவி அடிச்சு விட்டிருக்கார்: "ஜெர்மானியப் பேர்கள்லயே கார்ல்தான் ராஜா பேரு, ஸ்வீடன்ல மட்டும் 16 கார்ல் ஆண்டிருக்காங்க"ன்னு. முதல் 6 பேர் எங்கே ஆண்டாங்க, கனவுலயா? யோஹன்னஸ் மாக்னஸ்னு நாட்டை விட்டுப் போன ஒரு பேராயர் இத்தாலியில உக்காந்து எழுதின கட்டுக்கதை அது. 1554-ல அச்சாச்சு. அதை நம்பி, 1604-ல பட்டத்துக்கு வந்தவர் தனக்குத்தானே 9-ம் கார்ல்னு போட்டுக்கிட்டார்.

செந்தாமரை: அந்த மேதாவி நான்தாங்க, வணக்கம். 1973-லேருந்து அரசரா இருக்கிறவர் பேரே 16-ம் கார்ல் குஸ்டாஃப். அரண்மனைக்கே எண்ணத் தெரியலைன்றீங்க!

பனிக்கரடி: 7-லேருந்து 16 வரைக்கும் விரல் விட்டு எண்ணுங்க. 10. நிஜமா இருந்த முதல் ஆள் 1167-ல கொலையான கார்ல் ஸ்வெர்க்கர்சன். அவரைத்தான் 7-ம் கார்ல்னு சொல்றாங்க.

பழையசோறு: பேர் எங்கேருந்து வந்துச்சுன்னு பேசுவோமேப்பா. கார்ல்னா அடிமையில்லாத சாதாரண ஆம்பளையைக் குறிச்ச சொல். 814-ல செத்த பேரரசர் சார்லிமேன், அதாவது மகா கார்ல், புண்ணியத்துல போலிஷ், செக் மொழிகள்ல 'அரசன்'ங்கிறதுக்கே அதான் சொல்லாச்சு...

செந்தாமரை: 14-ம் கார்ல் யோஹான் நெப்போலியனோட மார்ஷல், பெர்னடாட்ங்கிற பிரெஞ்சுக்காரர். அந்த இரவல் கார்லும் உங்க பத்துல உண்டா?

பனிக்கரடி: உண்டு. 1818-ல முடி சூடினாரே. கதையில வர்றவனுக்கு அவர் எவ்வளவோ தேவலை.

ஓஸ்லோவாசி: எங்க நார்வேக்கும் அவர்தான் ராஜா, இங்கே அவர் 3-ம் கார்ல் யோஹான். பெரிய தெருவுக்கே அவர் பேர்தான். ஸ்வீடன் நம்பரை எங்க தலையில கட்டாதீங்க.

செந்தாமரை: பாருங்க, ஒரே ஆளுக்கு ரெண்டு நம்பர்! நம்பர்னா மரபு சார், ரேஷன் கார்டு இல்லை.

பனிக்கரடி: மரபா? அந்த 9-ம் கார்லுக்கு முன்னாடியே அவர் அப்பாவோட மூத்த தாரத்து மகன் எரிக் இதே வேலையைப் பண்ணி 14-ம் எரிக் ஆயிட்டார். குடும்பத் தொழில்னு சொல்லுங்க. ஓட்டோங்கிற பேரைப் பத்தின இழையில, ஜெர்மன் சான்சலர் பிஸ்மார்க்கைப் பேரரசர்னு எழுதினவங்ககிட்ட இதுக்கு மேல என்ன எதிர்பார்க்க?

செந்தாமரை: அது தட்டச்சுப் பிழைன்னு அன்னைக்கே சொல்லியாச்சு. பழசைக் கிளறினா கணக்கு மாறிடுமா? 16.

பழையசோறு: ஹங்கேரியிலயும் ராஜாவைக் கிராய்னு...

பனிக்கரடி: சோறு அண்ணே, கொஞ்சம் பொறுங்க. செந்தாமரை, உங்க ஸ்வீடன் கணக்குல வர்ற 3-ம் கார்ல் எந்த வருஷம் செத்தார்? அதை மட்டும் சொல்லுங்க.

செந்தாமரை: உங்களுக்குப் பரீட்சை எழுத நான் வரலை. 16.

பனிக்கரடி: வருஷம்?