பாப்பா காலேஜ் கணக்கு

எங்கள் குடும்பக் குழு அரட்டை; பாப்பா நான்தான். அமெரிக்காவில் நியூஜெர்சி எடிசனில் சனிக்கிழமை இரவு, மதுரையில் ஞாயிறு காலை

அப்பா, 9:14
அண்ணா, பாப்பாவுக்கு நர்சிங்கில் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று தனியார் யுனிவர்சிட்டியில் நாலு வருஷ டிகிரி. ஸ்காலர்ஷிப் போக வருஷத்துக்கு 38,000 டாலர். இன்னொன்று எங்கள் கவுண்டி காலேஜில், அதாவது மாவட்டப் பொதுக் கல்லூரியில், இரண்டு வருஷ அசோசியேட் டிகிரி. வீட்டிலிருந்தே போய் வரலாம். வருஷத்துக்கு 6,000 சொச்சம். மே 1க்குள் முன்பணம் கட்ட வேண்டும்.

பெரியப்பா, 9:17
கவுண்டி காலேஜ் என்றால் நம்ம ஊர் பாலிடெக்னிக் மாதிரியா? நாளைக்குப் பையன் வீட்டார் கேட்டால் என்ன சொல்வது?

அம்மா, 9:17
மாமா, அவளுக்கு இன்னும் பதினெட்டே முடியவில்லை.

நான், 9:20
பெரியப்பா, எந்த வழியில் படித்தாலும் எழுதுவது ஒரே என்க்ளெக்ஸ், நர்ஸ் லைசென்ஸுக்கான பரீட்சை. கிடைப்பதும் ஒரே ஆர்.என். (பதிவு பெற்ற நர்ஸ்) லைசென்ஸ். அரசாங்கத்தின் காலேஜ் ஸ்கோர்கார்டு வெப்சைட்டில் பார்த்தேன். படித்து முடித்தவர்கள் சம்பளம் இரண்டு இடத்திலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கடன் மட்டும் கவுண்டி காலேஜில் பாதிகூட இல்லை.

பெரியப்பா, 9:22
முப்பது வருஷம் பேங்கில் கடன் கொடுத்தவன் நான். முதலில் கடன் யார் பெயரில் என்று சொல்.

அப்பா, 9:28
அவள் பெயரில் அரசாங்கம் கொடுப்பது முதல் வருஷம் 5,500, அடுத்தது 6,500, அதற்கப்புறம் வருஷத்துக்கு 7,500. நாலு வருஷத்துக்கும் சேர்த்து 27,000. மொத்தச் செலவு 1,52,000. மீதி எங்கள் தலையில். பெற்றோர் வாங்கும் பிளஸ் என்ற அரசாங்கக் கடனுக்கும் 2026 ஜூலையிலிருந்து உச்சவரம்பு: வருஷத்துக்கு 20,000, ஒரு பிள்ளைக்கு 65,000. அதற்கு மேல் கைக்காசு, இல்லாவிட்டால் தனியார் கடன்.

பெரியப்பா, 9:29
வட்டி?

அப்பா, 9:29
பிளஸ்ஸுக்கு 2025-26இல் 8.94 சதவீதம். கொடுக்கும்போதே நாலு சதவீதத்துக்கு மேல் கட்டணமாகப் பிடித்துக்கொள்வார்கள்.

பெரியப்பா, 9:36
போட்டுப் பார்த்தேன். 65,000ஐப் பத்து வருஷத்தில் அடைத்தால் மாதம் 820 டாலர், மொத்தம் 98,500 பக்கம். படிக்கிற காலத்து வட்டியைச் சேர்க்கவே இல்லை. உனக்கு இப்போது 51. பாலிடெக்னிக்கே போகட்டும்.

நான், 9:37
பெரியப்பா, அது பாலிடெக்னிக் இல்லை!

அண்ணி டல்லாஸ், 9:41
இப்போதுதான் டூட்டி முடிந்து வந்தேன். நான் அசோசியேட் டிகிரி படித்துத்தான் நர்ஸ் ஆனேன், அதனால் நான் கவுண்டி காலேஜ் பக்கம்தான். ஆனாலும் பாப்பா, நீ பார்த்த அந்த எண்களை அப்படியே நம்பாதே.

நான், 9:41
ஏன் அண்ணி?

அண்ணி டல்லாஸ், 9:47
ஸ்கோர்கார்டில் வரும் கடன், படிப்பை முடித்தவர்களில் அரசாங்கக் கடன் வாங்கியவர்களுடையது. நடுவில் நின்றவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. தனியார் கடன் இல்லை. அப்பா அம்மா பெயரில் வாங்கும் பிளஸ் தனியாக இருக்கும், அதையும் தேடிப் பார்க்க வேண்டும். சம்பளத்திலும் ஒரு விஷயம் இருக்கிறது. என் வகுப்பில் பாதிப் பேர் ஏற்கெனவே எல்.பி.என்.னாக (ஆர்.என்.னுக்கு ஒரு படி கீழே உள்ள நர்ஸ்) வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள், முப்பது வயதுக்கு மேல். அவர்கள் சம்பளத்தையும் பள்ளி முடித்து நேராக வருகிற உன் சம்பளத்தையும் ஒன்றாக வைக்க முடியாது.

அண்ணி டல்லாஸ், 9:49
தவிர, சம்பளத்தைக் காலேஜைவிட ஊர்தான் முடிவு செய்கிறது. 2024 கணக்குப்படி ஆர்.என். நடுமட்டச் சம்பளம் நாடு முழுக்க வருஷத்துக்கு 93,600. கலிபோர்னியாவில் அதைவிட மிக அதிகம், வாடகையும் அப்படித்தான்.

நான், 9:50
அப்படியானால் எதைத்தான் பார்ப்பது?

அண்ணி டல்லாஸ், 9:56
சீட். இரண்டு வருஷம் என்பது நர்சிங் வகுப்புக்குள் போன பிறகுதான் ஆரம்பம். அதற்கு முன்னால் அனாடமி, மைக்ரோபயாலஜி எல்லாம் முடிக்க ஒரு வருஷம். அதில் எடுக்கிற மார்க்கை வைத்துத்தான் உள்ளே சேர்ப்பார்கள். எனக்கு முதல் தடவை கிடைக்கவில்லை, ஒரு வருஷம் மளிகைக் கடை கவுன்டரில் நின்றேன். மூன்று வருஷத்தில் முடித்தால் நீ நாலு வருஷம் படிப்பவர்களைவிட ஒரு வருஷம் முன்னாலேயே சம்பாதிக்கலாம். ஒரு வருஷம் காத்திருந்தால் அந்த லாபம் போச்சு.

பெரியப்பா, 9:58
ஆனால் கடன் இல்லாத லாபம் அப்படியேதானே இருக்கிறது?

அண்ணி டல்லாஸ், 9:58
அது இருக்கும் மாமா.

அத்தை நெல்லை, 10:03
எல்லாவற்றையும் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். நானும் ஒன்று சொல்லலாமா?

அப்பா, 10:03
சொல்லுங்கள் அக்கா, உங்களுக்குத்தான் காத்திருந்தோம்.

அத்தை நெல்லை, 10:11
நான் படித்தது ஜி.என்.எம்., நர்சிங் டிப்ளமோ. வார்டில் எனக்கும் பி.எஸ்சி. படித்து வந்தவளுக்கும் வேலையில் ஒரு வித்தியாசமும் கிடையாது. நைட் டூட்டியில் நரம்பு கிடைக்கவில்லை என்றால் அவள் என்னைத்தான் கூப்பிடுவாள். ஆனால் நர்சிங் சொல்லிக்கொடுக்கும் டியூட்டர் வேலைக்கு ஆள் எடுத்தபோது என் பெயர் பட்டியலிலேயே இல்லை. டிப்ளமோவுக்கு மேல் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. இரண்டு வருஷம் முடித்தால் சரியாகிவிடும் என்றார்கள். அடுத்த வருஷம் போகலாம் என்று வைத்தேன். மாமாவுக்கு மாற்றல் வந்தது, அப்புறம் பிள்ளைகள், அப்புறம் மாமியாருக்குப் பக்கவாதம். போகாமலேயே ரிட்டையர் ஆகிவிட்டேன். பிறகு படித்துக்கொள்ளலாம் என்று சொல்வது சுலபம் பாப்பா.

அம்மா, 10:14
அத்தை இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அண்ணி டல்லாஸ், 10:19
அத்தை சொல்வது இங்கேயும் பொருந்தும். பெரிய ஆஸ்பத்திரிகள் பி.எஸ்.என்., அதாவது அந்த நாலு வருஷ நர்சிங் டிகிரி, இருக்கிறதா என்று கேட்கின்றன. ஆற்றுக்கு அந்தப் பக்கம் நியூயார்க்கில் 2017இல் சட்டமே போட்டுவிட்டார்கள், லைசென்ஸ் வாங்கிப் பத்து வருஷத்துக்குள் அதை முடித்தாக வேண்டும். எனக்கு முதல் வேலை முதியோர் இல்லத்தில்தான் கிடைத்தது. பிறகு சேர்ந்த ஆஸ்பத்திரி வருஷத்துக்கு 5,250 வரை படிப்புச் செலவு கொடுத்தது, அந்த அளவுக்கு வரி இல்லை. அசோசியேட் டிகிரிக்கு மேல் பி.எஸ்.என்.னை ஆன்லைனில் பதினாலு மாதத்தில் முடித்தேன். வாரத்துக்கு மூன்று நாள் பன்னிரண்டு மணி நேர டூட்டி, மீதி நாள் படிப்பு. குழந்தை மடியில் தூங்கும், நான் கட்டுரை எழுதுவேன். என்னால் முடிந்ததற்கு உங்கள் அண்ணா சமைத்ததும் ஒரு காரணம்.

பெரியப்பா, 10:20
என் மகன் சமைத்தானா??

நான், 10:21
அண்ணி, இங்கே எங்கள் ஊருக்குப் பக்கத்தில் இன்னொரு தனியார் கல்லூரியும் இருக்கிறது. அவர்களும் இரண்டு வருஷம்தான், காத்திருக்கவே வேண்டாம், உடனே சீட் என்கிறார்கள்.

அண்ணி டல்லாஸ், 10:24
அதை மட்டும் தொடாதே. என் தோழி இப்படி ஓர் இடத்தில் அதே அசோசியேட் டிகிரிக்கு 60,000க்கு மேல் கடன் வாங்கினாள். பாதிப் பாடம் வேறு எங்கேயும் செல்லாது என்று பிறகுதான் தெரிந்தது. நர்சிங் வகுப்புக்கு ஏ.சி.இ.என். (நர்சிங் படிப்புகளுக்கு அங்கீகாரம் கொடுக்கும் அமைப்பு) அங்கீகாரம் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

அப்பா, 10:27
செவ்வாய்க்கிழமை கவுண்டி காலேஜில் நர்சிங் பிரிவின் அறிமுகக் கூட்டம் இருக்கிறது. நானும் பாப்பாவும் போகிறோம். என்ன கேட்க வேண்டும்?

அண்ணி டல்லாஸ், 10:30
போன வருஷம் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது. சேர்ந்தவர்களில் எத்தனை பேர் சொன்ன காலத்தில் முடித்தார்கள். என்க்ளெக்ஸில் முதல் தடவையே பாஸ் ஆனவர்கள் எத்தனை சதவீதம். கடைசியாகச் சொன்னதை மாநில நர்சிங் போர்டும் வெளியிடுகிறது, ஒத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் சின்ன மாமா.

பெரியப்பா, 10:31
பதிலை எல்லாம் எக்ஸெலில் போட்டு எனக்கு அனுப்பு.

அத்தை நெல்லை, 10:33
எத்தனையாவது மாதத்தில் வார்டுக்குள் விடுவார்கள் என்றும் கேள் பாப்பா. பொம்மைக் கையிலேயே ஊசி குத்திக்கொண்டிருந்தால் கை பழகாது.

நான், 10:34
கேட்கிறேன் அத்தை. நரம்பு கிடைக்கவில்லை என்றால் உங்களுக்குத்தான் வீடியோ கால்.

அத்தை நெல்லை, 10:35
நைட் டூட்டியில் போடு, இங்கே பகல்தான்.