இசை நாடகம், 14 பாட்டு, பிப்ரவரியில் அரங்கேற்றம்: கச்சேரிக்கு நடுவில் வேலையை எப்படிப் பிரிப்பது?

இரண்டரைக்கட்டை (கேள்வி)

சென்னையில் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறேன். சனி, ஞாயிறு ரிசப்ஷன் கச்சேரி, வாரத்தில் 4 நாள் மாலை வகுப்பு. இப்போது இரண்டு மணி நேர இசை நாடகம் ஒன்றுக்கு 14 பாட்டு ஒப்புக்கொண்டிருக்கிறேன். இன்று செப்டம்பர் நடு. அரங்கேற்றம் பிப்ரவரி இரண்டாம் வாரம். வசனம் பாதிதான் கைக்கு வந்திருக்கிறது. வாரம் 12 மணி நேரம் ஒதுக்க முடியும். ஒவ்வொரு பாட்டையும் முழு அரேஞ்ச்மென்ட்டோடு (வாத்திய அமைப்பு) முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகவா, எல்லாவற்றுக்கும் மெட்டு போட்டுவிட்டு வரவா? வாத்தியம் நேரடியா, முன்பே பதிவு செய்த டிராக்கா?

பக்கவாத்தியம்

ஒவ்வொன்றாக முடிக்கவே முடிக்காதீர்கள். ஒத்திகை தொடங்கியதும் மெட்டு அவ்வளவாக மாறாது. கட்டை (பாடும் சுருதி) மாறும், நீளம் மாறும், பாட்டு விழும் இடம் மாறும். இந்த மூன்றும் மாறினால் முதலில் குப்பைக்குப் போவது அரேஞ்ச்மென்ட்தான்.

கணக்கைப் பாருங்கள். 21 வாரம், வாரத்துக்கு 12 மணி நேரம் என்றால் 252. மெட்டு, கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்), வரியோடு பொருத்துவது எல்லாம் சேர்த்துப் பாட்டுக்கு 8 மணி நேரம் என்று வைத்தால் 112. காட்சி மாற்றத்துக்கும் வசனத்துக்கு அடியிலும் வரும் சின்னத் துண்டுகள் ஒரு 20, தலைக்கு ஒன்றரை மணி நேரம்: 30. (இதை யாரும் ஒப்புக்கொள்ளும்போது எண்ணுவதில்லை. கடைசி வாரத்தில் கழுத்தைப் பிடிப்பது இதுதான்.) அரேஞ்ச்மென்ட் பாட்டுக்கு 5 வீதம் 70. மிச்சம் 40. நான்கு பாட்டைத் தூக்கிவிட்டுப் புதிதாகக் கேட்டால், அவற்றின் மெட்டுக்கே 32 போய்விடும். அதனால் மூன்று நான்கு பாட்டுக்கு அரேஞ்ச்மென்ட்டே வேண்டாம் என்று இப்போதே முடிவு செய்யுங்கள். ஆர்மோனியமும் தபலாவும் மட்டும் போதும் என்கிற காட்சி எந்த நாடகத்திலும் இருக்கும்.

முதலில் வசனப் பிரதியில் பாட்டு எங்கே தொடங்குகிறது, எந்தச் சொல்லில் முடிகிறது என்று குறித்து, இயக்குநரிடம் ஒப்புதல் வாங்குங்கள். வசனம் வந்த பாதியில் உள்ள பாட்டுகளை எடுங்கள். வராத பாதிக்கு மெட்டு போட்டால் வரி வரும்போது சந்தம் உட்காராது. ஆனால் இறுதிப் பாட்டு என்னவென்று மட்டும் கேட்டு வாங்கிவிடுங்கள். அதன் மெட்டைத்தான் முன்பாதியில் துண்டு துண்டாக விதைக்க வேண்டும். 20 சின்னத் துண்டில் பாதி அதிலிருந்தே கிடைத்துவிடும்.

கோப்புப் பெயரில் கட்டையும் வேகமும் இருக்கட்டும்: 07_சந்தை_4.5_96_வ3 (பாட்டு எண், பெயர், கட்டை, வேகம், எத்தனையாவது வடிவம்). இல்லாவிட்டால் நடிகர் பழைய கோப்பை வைத்தே மனப்பாடம் செய்து வருவார். ஏழாவதுக்கும் எட்டாவதுக்கும் நடுவில் புதிதாக ஒன்று வந்தால் அது 7அ. பாட்டைத் தூக்கினால் அந்த எண் காலியாகவே கிடக்கட்டும். எண்ணை மாற்றினீர்களோ, ஒளி, ஒலி, மேடை என்று எல்லோர் தாளிலும் குழப்பம்.

சாரீரம்

கட்டை பற்றி. ஆர்மோனியத்துக்கு முன்னால் உட்கார்ந்து பாடும்போது வரும் கட்டையை நம்பாதீர்கள். அந்தப் பாட்டில் ஆட்டமோ படியேறுவதோ இருந்தால், அதைச் செய்துகொண்டே பாடச் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் அரைக்கட்டை, சில சமயம் ஒரு கட்டை இறக்க வேண்டியிருக்கும். தாரஸ்தாயியில் (மேல் ஸ்தாயி) நீட்டிப் பிடிக்கும் சுரம்தான் எல்லை. தொட்டுவிட்டு வருவதை வைத்து முடிவு செய்யக் கூடாது.

ஆண் குரல் ஒரு கட்டை, பெண் குரல் ஐந்து கட்டை என்றால் ஆணின் பஞ்சமம் பெண்ணுக்கு ஷட்ஜம். டூயட்டில் இருவருக்கும் பொதுவாக நடுக் கட்டை ஒன்றைப் பிடித்தால் இரண்டு பேருமே சுமாராகத்தான் ஒலிப்பார்கள். இடையிசையில் சுருதியை மாற்றி ஆளுக்கொரு சரணம் கொடுங்கள், சேர்ந்து பாடும் இடத்தை நான்கு வரியோடு நிறுத்துங்கள்.

டிராக்வண்டி

டிராக்கா நேரடியா என்றால் இரண்டும்தான். தாளமும் அடிநாதமும் டிராக்கில். கீபோர்டும் இன்னொரு வாத்தியமும் நேரடி. முழு டிராக்கில் சிக்கல் எங்கே என்றால், நடிகர் வசனம் பேசி முடிக்கும் நேரம் ஒவ்வொரு நாளும் வேறு. அந்த இடத்தில் 4 பார் (தாள அளவு) திரும்பத் திரும்ப ஓடும் சுற்று வைத்து, சைகை வந்ததும் வெளியே வர வேண்டும். மேடை நிகழ்ச்சிக்கான மென்பொருளான க்யூலேபில் ஆடியோவைத் துண்டாக்கிச் சுற்ற விட்டு, டீவாம்ப் (சுற்றிலிருந்து வெளியேறும் கட்டளை) கொடுத்தால் அந்தச் சுற்று முடிந்தபின் அடுத்த துண்டுக்குப் போகும். க்யூலேப் மேக் கணினியில் மட்டும்தான் ஓடும். சுற்றும் துண்டின் கடைசியில் ரிவெர்ப் (எதிரொலி) வால் நீண்டால் ஒவ்வொரு சுற்றிலும் வெட்டுப்படும். ரிவெர்ப்பை மிக்சரில் போடுங்கள்.

இரண்டே அவுட்புட் இருந்தால் இடது சேனலில் கிளிக் (வாசிப்பவர் காதுக்கு மட்டுமான தாளக் குறி), வலதில் மோனோ இசை. எல்லாக் கோப்பின் சாம்பிள் ரேட்டும் 48 கிலோஹெர்ட்ஸ். 48-ல் எடுத்ததை மாற்றாமல் 44.1-ல் ஓட்டினால் சுருதி ஏறக்குறைய முக்கால் கட்டை இறங்கி, வேகமும் குறையும்.

அப்புறம், ரிசப்ஷனில் அமுக்கிய, சுருதி மாற்றும் டிரான்ஸ்போஸ் பட்டன்! ஞாயிறு இரவு +1-ல் விட்டால் திங்கள் ஒத்திகை முழுக்க அரைக்கட்டை மேலே. குழுவுக்கு ஒரு பேங்க் (கீபோர்டு அமைப்புகளின் தொகுப்பு), நாடகத்துக்குத் தனி பேங்க், இரண்டும் யூஎஸ்பியில் நகல்.

இரண்டரைக்கட்டை

நன்றி. மார்கழியில் எல்லாமே நின்றுவிடும் என்று பயந்துகொண்டிருக்கிறேன். சரியா?

பக்கவாத்தியம்

உங்களுக்குத் தலைகீழ். சபாக்காரர்களுக்குத்தான் மார்கழி நெருக்கடி. மெல்லிசைக்காரருக்குக் கல்யாணம் இல்லாத மாதம். டிசம்பர் 24, 25, 31 நீங்கலாகப் பெரும்பாலும் ஓய்வு. புரட்டாசியும் ஏறக்குறைய அப்படியே. ஆகவே மெட்டு புரட்டாசியில், அரேஞ்ச்மென்ட் மார்கழியில். ஐப்பசி, கார்த்திகை முகூர்த்த வாரங்களில் நோட் எழுதுவது, ஒத்திகை டிராக் இறக்குவது போன்ற கைவேலை மட்டும். இரவு பதினொன்று வரை மானிட்டர் பக்கத்தில் நின்ற காது மறுநாள் காலை மிக்ஸ் செய்யாது. மிருதங்கம், வயலின் வேண்டுமென்றால் பொங்கலுக்குப் பிந்திய தேதிகளை இப்போதே பேசிவிடுங்கள்.

உண்மையான ஆபத்து தை. உங்கள் மேடை ஒத்திகையும் முகூர்த்தமும் ஒரே நாளில் விழும். அதனால் இரண்டு பக்கமும் மாற்று ஆள் வேண்டும். பேட்ச் (கீபோர்டு ஒலி) எண், சுற்று எங்கே, யார் சைகை, எந்த வசனத்தில் தொடக்கம் என்று பாட்டுக்கு ஒரு பக்கம் எழுதுங்கள். அந்தப் பக்கத்தை மட்டும் பார்த்து இன்னொருவர் வாசிக்க முடிகிறதா என்று ஜனவரி முதல் வாரத்திலேயே சோதியுங்கள்.

எழுத்துரிமை

ஒப்பந்தத்தைப் பற்றி யாருமே பேசவில்லையே. பாட்டுக்கு இரண்டு திருத்தம் தொகைக்குள். கட்டை மாற்றம் திருத்தத்தில் சேராது. புது வரி வந்தால் அது புதுப் பாட்டு. ஜனவரி 20-க்குப் பிறகு கேட்பதற்குத் தனிக் கட்டணம். இந்த நாலு வரி இருந்தாலே பக்கவாத்தியம் சொன்ன அந்த 40 மணி நேரம் தப்பும்.

உரிமையை எழுதிக் கொடுப்பதாக இருந்தால் காலமும் இடமும் குறிப்பிட வேண்டும். 1957 பதிப்புரிமைச் சட்டம் 19-ஆம் பிரிவுப்படி, குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, இந்தியா என்றே கொள்ளப்படும். அதைவிட மேடைக்கு மட்டும் உரிமம் கொடுத்து, ஒலிப்பதிவு, யூடியூப், சினிமா மூன்றையும் தனியாக வைத்துக்கொள்வது நல்லது. மெட்டை உங்கள் குழு மேடையில் வாசிக்கலாமா என்பதையும் எழுதிவிடுங்கள். அரங்கேற்றத்துக்கு அடுத்த வாரமே ரிசப்ஷனில் அதைக் கேட்பார்கள்.