காடை தோல்முட்டையா போடுது, யாராச்சும் சொல்லுங்களேன்

மல்லி_சிராங்கூன்:
வணக்கம். எங்க தரைவீட்டுப் பின்பக்கம் அஞ்சு காடை இருக்கு, நாலு பொட்டை ஒரு சேவல். மூணு மாசமா நல்லா போட்டுக்கிட்டு இருந்துச்சுங்க, போன வாரத்துலேர்ந்து தினம் ஒண்ணு ஓடே இல்லாம வருது, கையில எடுத்தா தண்ணிப்பை மாதிரி அமுங்குது. பறவைக் கடையில வாங்குற தினைக் கலவைதான் தீனி, மீந்த சோறும் போடுவேன். எது போடுதுன்னே தெரியல, பயமா இருக்கு.

பழைய_கம்பத்தான்:
தங்கச்சி, தீனியிலதான் கோளாறு. தினையில கால்சியமும் பத்தாது புரதமும் பத்தாது. காடையே 200 கிராம் சொச்சம்தான், முட்டை 10-12 கிராம், அந்தச் சின்ன உடம்பு தினம் ஒரு ஓடு கட்டணும்னா எங்க போகும், தன் எலும்புலேர்ந்துதான் உருவும். சோத்தை நிறுத்துங்க, புரதம் 20 சதவீதமாச்சும் இருக்குற முட்டைக்காடைத் தீனிக்கு மாத்துங்க, சிப்பி ஓட்டுத் தூளைத் தனிக் கிண்ணத்துல வைங்க. தீனியில கலக்காதீங்க, சேவலுக்கு அது தேவையில்ல, வேணுங்கிறது தானா வந்து கொத்திக்கும். காலையில கொஞ்சம் இளவெயிலும் படணும், இல்லன்னா தின்ன கால்சியம் உடம்புல ஒட்டாது.

காடைப்பிரியன்:
அக்கா, ஒண்ணு மட்டும் கவனமா பாருங்க. என்கிட்ட ஒண்ணு சிலிர்த்துக்கிட்டு மூலையிலயே உக்காந்திருந்துச்சு, வால் மேலயும் கீழயும் ஆடிக்கிட்டே இருந்துச்சு, தூங்குதுன்னு நெனச்சு விட்டுட்டேன், முட்டை உள்ள சிக்கி மறுநாள் செத்துப்போச்சு. இன்னும் மனசு ஆறல. அப்படிப் பாத்தா கதகதப்பா வச்சு உடனே பறவை பாக்குற கால்நடை டாக்டர்கிட்ட ஓடுங்க, வயித்தை மட்டும் அமுக்கிடாதீங்க, உள்ளயே உடைஞ்சிடும்.

தேக்கா_ராணி:
காடை பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேலதான் போடும்மா, அந்த நேரம் மட்டும் அட்டை வச்சுத் தனித்தனியா பிரிச்சு விடு, தெரிஞ்சிடும். ஒவ்வொண்ணும் போடுற முட்டையில புள்ளி ஒரு தினுசா இருக்கும், பழகிட்டா முட்டையைப் பாத்தே ஆளைச் சொல்லலாம். நம்ம சிங்கப்பூர்ல வருசம் முழுக்க பகல் 12 மணி நேரம்தான், நல்லா முட்டை போட 14 மணி நேரமாச்சும் வெளிச்சம் வேணும்னு பல்பு போடுவாங்க, நீ இப்ப போடாத, உடம்பு தேறட்டும். தோல்முட்டையைத் தூக்கிப் போட்டுடு. நல்ல முட்டையைக் கழுவி வைக்காத, ஓட்டுமேல இருக்குற காப்பு போயிடும்.

மல்லி_சிராங்கூன்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ராணிக்கா சொன்ன மாதிரி பிரிச்சு வச்சேன், நெத்தியில வெள்ளை இருக்குறவதான். பெரிய பெரிய திட்டு போட்ட முட்டை அவளோடதுதான் போல, ஒரு வாரமா அது வரவே இல்லன்னு இப்பதான் உறைக்குது. சிப்பித்தூள் வச்சதும் மொதல்ல ஓடி வந்தவளும் அவதான். இன்னிக்கு ஆறாவது நாள், ஓடு இன்னும் மெல்லிசுதான், ஆனா நகத்தால தட்டினா சத்தம் வருது.